மணிக்கணக்கும் மனிதக் கணக்கும்

மேச்சேரி, வனவாசி, ஜலகண்டாபுரம், தாரமங்கலம் எனப் பரந்து கிடக்கும் நம் வட்டாரத்தில் கைத்தறி நெசவாளியின் உழைப்பைக் கடிகாரம் அளந்ததில்லை. ஒரு பாவுக்கு இத்தனை சேலை, ஒரு சேலைக்கு இத்தனை ரூபாய் என்பதே வழக்கம். தறிக்குழியில் கால் வைத்தவர் எட்டு மணி நேரம் அமர்ந்தாரா, பதினான்கு மணி நேரம் அமர்ந்தாரா எனக் கூலி கொடுப்பவர் கேட்பதில்லை. அறுத்துக் கொண்டுவந்த துணியை மட்டுமே அவர் பார்ப்பார். பாவடியில் பாவு ஓட்டியதும், அறுந்த இழையைப் பிணைத்ததும், வீட்டுப் பெண்கள் தார் சுற்றியதும் அந்தக் கூலிக்குள் அடக்கம். அவற்றுக்கெனத் தனிக்கணக்கு எவரும் எழுதி வைப்பதில்லை.

இத்தகைய வீடுகளிலிருந்து இன்று பிள்ளைகள் சட்டம் படிக்கப் புறப்படுகின்றனர். சேலத்தில் 2019-இல் அரசு சட்டக் கல்லூரி தொடங்கப்பட்டபின் அவ்வழி மேலும் அகன்றுள்ளது. படித்து முடித்தோருள் பலர் மேட்டூர், சேலம் நீதிமன்றங்களில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேருவர். ஒரு சிலர் சென்னை, பெங்களூரு, மும்பை நகரங்களின் பெரிய சட்ட நிறுவனங்களில் அசோசியேட் எனப்படும் சம்பள வழக்கறிஞராகச் செல்வர். முன்னவர் பகல் முழுதும் நீதிமன்றத் தாழ்வாரத்தில் காத்து நிற்பார். அந்தப் பகலை எவரும் எண்ணுவதில்லை. பின்னவரின் வேலைநாளோ துண்டு துண்டாக வெட்டப்பட்டு ஏட்டில் ஏற்றப்படுகிறது. ஒரே கல்வி, ஒரே கறுப்பு அங்கி. ஆயினும் காலக்கணக்கு மட்டும் இரு துருவங்களாக நிற்கிறது. இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண முயல்வோம்.

பெரிய சட்ட நிறுவனங்களில் வழங்கும் முறையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கே பணிபுரியும் இளம் வழக்கறிஞர் தாம் செய்த வேலையை ஆறு ஆறு நிமிடமாகப் பகுத்து எழுதவேண்டும். ஒரு மணி நேரத்தில் பத்துக் கூறுகள். நம் முன்னோர் வகுத்த நாழிகை இருபத்து நான்கு நிமிடம். அதை மேலும் நான்காகக் கிழித்தால் வருவது இந்தக் கூறு. அவ்வாறு எழுதியவற்றுள் எந்த நேரத்துக்குக் கட்சிக்காரரிடம் பணம் கேட்க இயலுமோ அதுவே 'பில்லபிள் ஹவர்', அதாவது கட்டண மணி. ஆண்டுக்கு இத்தனை கட்டண மணி என ஓர் இலக்கும் விதிக்கப்படும். ஊக்கத்தொகை, பதவி உயர்வு, சில வேளைகளில் வேலையே கூட அந்த இலக்கைப் பொறுத்தது.

மணியோசையும் கூலியும்

காலத்தை மணியாகப் பகுத்து ஒழுங்குபடுத்தும் பழக்கத்தை மேலைநாட்டில் வளர்த்தவர்கள் துறவியர். புனித ஆசிர்வாதப்பர் வகுத்த ஒழுங்கின்படி மடங்களில் நாளின் வெவ்வேறு பொழுதுகளில் மணி ஒலித்தது. அந்த ஒலி கேட்டதும் கைவேலையை நிறுத்திவிட்டுச் செபத்துக்குச் சென்றனர். வேலைக்கு ஓர் எல்லை உண்டு என அறிவிப்பதே அம்மணியின் பொருளாயிருந்தது.

பதினான்காம் நூற்றாண்டில் மணிக்கு வேறொரு பொருள் வந்து சேர்ந்தது. இம்மாற்றத்தைப் பிரெஞ்சு வரலாற்றறிஞர் ழாக் லெ கோஃப் 1960-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். திருச்சபையின் காலம், வணிகரின் காலம் என அவர் இரண்டைப் பிரித்துக் காட்டினார். 1355-ஆம் ஆண்டு வட பிரான்சின் ஏர்-சூர்-லா-லிஸ் என்னும் ஊரார் தமக்கென ஒரு மணிக்கூண்டு கட்டிக்கொள்ள அனுமதி பெற்றனர். வணிகம் நடக்கும் நேரத்தையும் துணித் தொழிலாளர் வேலை தொடங்கி முடிக்கும் நேரத்தையும் ஒலித்துக் காட்டுவதே அதன் பணி. அவ்வூரும் நெசவால் வாழ்ந்த ஊர் என்பதை நம் வட்டாரத்து வாசகர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். இறைவேண்டலுக்கு அழைத்த மணி, இவ்வாறு கூலிக்கு அழைக்கும் மணியாயிற்று.

நம் பகுதியிலும் இம்மாற்றம் நிகழ்ந்ததுண்டு. 1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அதன் நீரையும் மின்சாரத்தையும் நம்பி ஆலைகள் எழுந்தன. ஆலைச் சங்கு ஊதத் தொடங்கியபின் ஷிப்டு என்ற சொல் நம் மக்களின் வாய்மொழியில் கலந்துவிட்டது. துணிக்கணக்கில் கூலி வாங்கிய குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் மணிக்கணக்கில் கூலி வாங்கும் தொழிலாளர் ஆயினர். அதில் நன்மையும் இருந்தது. சங்கு ஊதினால் வேலை முடிந்தது. அதற்கு மேற்பட்ட பொழுது தொழிலாளிக்கு உரியது. கடிகாரம் முதலாளிக்கு மட்டுமன்றித் தொழிலாளிக்கும் சாட்சியாயிற்று.

அச்சாட்சியம் எளிதில் கிடைத்ததன்று. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நொவாரும்' சுற்றுமடலில், மனிதரின் ஆற்றலுக்கு மிஞ்சி வேலைநேரம் நீளலாகாது என்றும் ஞாயிறு ஓய்வு உரிமையாகும் என்றும் கற்பித்தார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பி. பி. வாடியா, திரு.வி.க. ஆகியோரிடம் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர் முன்வைத்த குறைகளுள் ஒன்று, நண்பகல் உணவுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பது. அடுத்த ஆண்டே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என வரையறுத்தது. அதிலும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும் அறுபது மணி எனத் தனி விதி செய்யப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியா 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் நாற்பத்தெட்டு மணியை நம் தொழிலாளருக்கும் உரியதாக்கியது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்தத்தை நிறைவேற்றியபோது எழுந்த எதிர்ப்பையும், அது அவ்வாண்டு மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதையும் நாம் மறந்திருக்க மாட்டோம்.

இந்த வேலியெல்லாம் ஆலைத் தொழிலாளியைச் சுற்றி எழுப்பப்பட்டது. கறுப்பு அங்கி அணிந்தவர் இதற்கு வெளியே நின்றார். கற்றோர்க்கு வேலி எதற்கு என்று உலகம் எண்ணியது போலும்.

அறிவுக்கு விலை உண்டா?

கற்றோர் தம் அறிவுக்குக் கூலி பெறலாமா என்ற கேள்வி மிகப் பழமையானது. பழைய உரோமையில் கி.மு. 204-இல் இயற்றப்பட்ட சிஞ்சியச் சட்டம் வழக்குரைப்போர் பணமோ பரிசோ பெறுவதைத் தடைசெய்தது. அத்தடை ஏட்டளவில் நின்றதேயன்றி நடைமுறையில் நிற்கவில்லை. கி.பி. 47-இல் கிளாடியுஸ் பேரரசர் பத்தாயிரம் செஸ்டர்ஸ் வரை பெறலாம் என ஓர் உச்சவரம்பு விதித்தார்.

இடைக்கால இறையியலார் இக்கேள்வியை ஆழமாக ஆய்ந்தனர். அறிவு இறைவனின் கொடை, ஆதலின் அதை விற்றல் தகாது என்பது ஒரு கருத்து. காலமும் அவ்வாறே எல்லார்க்கும் பொதுவாக இறைவன் அளித்தது. வட்டி வாங்குவோன் தனக்குச் சொந்தமல்லாத காலத்தை விற்கிறான் என்பது மற்றொரு கருத்து. கட்டண மணியில் இவ்விரண்டும் ஒன்றாய் இணைகின்றன: விற்கப்படுவது அறிவு, அளக்கப்படுவது காலம்.

புனித தோமா அக்குவினாஸ் இதற்கு நடுநிலையான விடை தந்தார். வழக்கறிஞர் ஊதியம் பெறலாம். ஆனால் அது அளவோடிருக்க வேண்டும். கட்சிக்காரரின் நிலை, வழக்கின் தன்மை, பட்ட உழைப்பு, நாட்டு வழக்கம் ஆகியவற்றைக் கருதியே அதைத் தீர்மானிக்க வேண்டும் என்றார். உழைப்பு அதில் ஓர் அங்கம். அதுவே முழுமையும் அன்று. வந்தவர் யார், அவரால் எவ்வளவு இயலும் என்ற கேள்வி முன்னே நிற்கிறது. அதற்கடுத்த தலைமுறையில் பிரித்தானிப் பகுதியில் வாழ்ந்த புனித ஈவோ ஏழைகளின் வழக்கறிஞர் எனப் பெயர் பெற்றார். 1303-இல் மறைந்த அவர் 1347-இல் புனிதராக அறிவிக்கப்பட்டு, வழக்கறிஞரின் பாதுகாவலராக இன்றும் போற்றப்படுகிறார்.

நம் நாட்டிலும் வக்கீல் கட்டணம் நெடுங்காலம் வழக்கைப் பொறுத்தே அமைந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1862-இல் தோன்றியபின் மாவட்டந்தோறும் வக்கீல் தொழில் வேரூன்றியது. 1900-இல் சேலத்தில் தொழில் தொடங்கி, பின்னர் ஒத்துழையாமை இயக்கத்தின்போது அதனைத் துறந்த இராஜாஜியின் காலத்திலும் சரி, இன்று நம் ஊர் நீதிமன்றங்களிலும் சரி, வழக்கை ஏற்கும்போது ஒரு தொகை, அதன்பின் ஆஜராகும் நாளுக்கு ஒரு தொகை என்பதே பொதுவான நடைமுறை. வழக்கு இழுபறியாகி வாய்தாவுக்கு மேல் வாய்தா விழுந்தால் ஏழைக் கட்சிக்காரர் நைந்துபோவது இம்முறையின் குறை. ஆனால் ஆறு நிமிடக் கணக்கு இங்கே இருந்ததில்லை. அது பிறந்த இடம் வேறு.

பாஸ்டன் நகரத்து ஏடு

கட்டண மணியின் தந்தை எனக் கருதப்படுபவர் ரெஜினால்டு ஹீபர் ஸ்மித் என்னும் அமெரிக்க வழக்கறிஞர். பணத்தாசை பிடித்த ஒருவரை எதிர்பார்த்து இவரது வாழ்க்கையைத் திறக்கும் வாசகர் வியப்படைவார். ஏனெனில் இவர் பாஸ்டன் இலவசச் சட்ட உதவிச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். கூலி மறுக்கப்பட்ட வேலைக்காரரும், வாடகை வீட்டிலிருந்து துரத்தப்பட்டவரும், கைவிடப்பட்ட மனைவியரும் அவரது வாயிலில் நின்றனர். பணமில்லாதவர்க்கு அமெரிக்காவில் நீதி இல்லை என்பதைச் சான்றுகளோடு நிறுவி, 1919-இல் 'நீதியும் ஏழைகளும்' என்ற பொருள்படும் நூலை அவர் வெளியிட்டார். அமெரிக்காவில் சட்ட உதவி இயக்கம் வலுப்பெற அந்நூல் பெருங்காரணமாயிற்று.

சட்ட உதவிச் சங்கத்தில் வழக்குகள் பல, கைப்பணம் சிறிது. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செல்கிறது என்பதை அறிந்தாலன்றி, குறைந்த பணத்தில் நிறைந்த ஏழைகளுக்கு உதவ இயலாது. நேரத்தைக் குறித்துவைக்கும் பழக்கம் அங்கே ஒரு பணிவிடையாகவே அமைந்தது. 1919-இல் அவர் ஹேல் அண்டு டார் என்ற பாஸ்டன் சட்ட நிறுவனத்தில் சேர்ந்து அதன் நிருவாகத்தை ஏற்றபோது, இம்முறையை அங்கும் கொணர்ந்தார். ஒவ்வொரு வழக்கறிஞரும் நாள்தோறும் தம் நேரத்தைக் குறித்தனர். 1940-இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்க இதழில் அவர் எழுதிய தொடர்கட்டுரைகள் வழியே அது நாடெங்கும் பரவிற்று. வழக்கறிஞரின் அலுவலகத்துக்கு ஆகும் உண்மைச் செலவைக் கண்டறிந்து, வீணைக் களைந்து, நேர்மையான கட்டணம் கேட்க உதவும் கருவியாகவே அவர் அதைக் கருதினார்.

பன்னாட்டு நாற்பத்தெட்டு மணி நேர உடன்படிக்கையும் ஸ்மித்தின் நூலும் வெளிவந்த ஆண்டு ஒன்றே. ஆலைத் தொழிலாளியின் மணிக்கு மேல்வரம்பு கட்டப்பட்ட அதே ஆண்டில், வழக்கறிஞரின் மணியை எழுதும் ஏடு பெருநிறுவனத்துக்குள் புகுந்தது. முன்னது எல்லையாக நின்றது. பின்னதற்கு எல்லை விதிக்க ஒருவரும் இலர்.

அளவுகோல் இலக்கானது

1958-இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் ஒரு சிறு நூலை வெளியிட்டது. இருபது ஆண்டுகளில் மருத்துவர், பல் மருத்துவர் வருவாய் உயர்ந்த அளவுக்கு வழக்கறிஞர் வருவாய் உயரவில்லை என அது வருந்தியது. நேரத்தைக் குறித்து வைப்பவரே மிகுதியாய் ஈட்டுகின்றனர் என்றும், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மணி கட்டணத்துக்குரியதாக அமையலாம் என்றும் அது கணக்கிட்டது. ஏழைக்கு உதவும் கருவி வருவாய் பெருக்கும் கருவியாகத் திரும்பிய இடம் இதுவே எனலாம். ஆயினும் 1,300 என்ற அந்த எண்ணில் ஒரு நிதானம் இருந்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதருக்கு உணவும் உறக்கமும் குடும்பமும் உண்டு என்பதை அது மறக்கவில்லை.

அக்காலத்தில் அமெரிக்க மாநில வழக்கறிஞர் சங்கங்கள் இன்ன வேலைக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்சக் கட்டணப் பட்டியலைக் கடைப்பிடித்து வந்தன. 1975-இல் கோல்டுஃபார்ப் என்பவரின் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அப்பட்டியல் போட்டியைத் தடுக்கும் செயல் எனத் தீர்ப்பளித்தது. பட்டியல் மறைந்தபின் மணிக்கணக்கே பெரும்பாலும் எஞ்சி நின்றது. கட்சிக்காரரான பெரும் கம்பெனிகளும் எதற்கு எவ்வளவு என்ற விவரத்தை விரும்பின. நிறுவனங்கள் பெருத்தன, இளையோரின் சம்பளம் ஏறியது, ஏறிய சம்பளத்தை ஈடுசெய்ய இலக்கும் ஏறியது. 1,300 என்பது 1,800 ஆயிற்று. பின்னர்ப் பெருநகர நிறுவனங்கள் பலவற்றில் 2,000-ஐத் தொட்டது.

இந்த எண்ணின் பாரத்தை உணரச் சிறு கணக்கு போதும். ஆண்டில் ஐம்பது வாரம் வேலை எனக் கொண்டால் 2,000 மணி என்பது வாரத்துக்கு நாற்பது. இதில் என்ன கொடுமை எனத் தோன்றலாம். ஆனால் அது கட்சிக்காரரிடம் கேட்கத்தக்க நாற்பது. உணவு, தேநீர், மூத்தவரிடம் பாடம் கேட்டல், அலுவலகக் கூட்டம், இளையவருக்குச் சொல்லிக்கொடுத்தல், சற்றே கண்ணயர்தல் ஆகிய எதுவும் அதில் அடங்காது. ஏல் சட்டக் கல்லூரி தன் மாணவர்க்கு விளக்கிய கணக்கின்படி, 2,200 கட்டண மணி சேர்க்க வேண்டுமாயின் பயணமும் உணவும் உட்பட ஆண்டில் 3,000 மணிக்கு மேல் செலவிட நேரும். நம் நெசவாளியின் வீட்டில் பாவு பிணைத்தலும் தார் சுற்றுதலும் கூலிக்கணக்கில் தோன்றாமல் மறைந்ததை இங்கே நினைவுகூர்க. கண்ணாடி மாளிகையில் அமர்ந்தவருக்கும் தறிக்குழியில் அமர்ந்தவருக்கும் இவ்விடத்தில் வேறுபாடில்லை. விற்கத்தக்க உழைப்பு எழுதப்படுகிறது. அதைத் தாங்கி நிற்கும் உழைப்பு எழுதப்படுவதில்லை.

அமெரிக்கத் தலைமை நீதிபதியாயிருந்த வில்லியம் ரென்குவிஸ்ட் 1987-இல் அச்சான ஓர் உரையில் கடுமையான ஓர் ஒப்புமையைக் கையாண்டார். ஆண்டுக்கு 2,000 மணிக்கு மேல் கட்டாயப்படுத்தும் நிறுவனம், இளம் வழக்கறிஞரை நூறு டன் பழைய இரும்பு வாங்கியதைப் போல் நடத்துகிறது என்றார். வாங்கியதில் சிறிது பயன்படாமல் போனாலும் இலாபம் குறையுமே என்ற கவலைதான் அங்கே உள்ளது என்பது அவர் கருத்து. தலைமை நீதிபதியின் வாயிலிருந்தே இச்சொல் வந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இலக்கு ஏறினால் பொய்யும் பின்தொடரும். செய்யாத வேலையை எழுதுதல், இருபது நிமிட வேலையை ஒரு மணியாக நீட்டுதல் ஆகியன தலைகாட்டின. அமெரிக்க நீதித்துறையில் உயர் பதவி வகித்த வெப்ஸ்டர் ஹப்பல், தாம் முன்பு பணிபுரிந்த சட்ட நிறுவனத்தில் செய்த கட்டண மோசடிக்காக 1994-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். பொய் எழுதாத நேர்மையாளருக்கும் ஒரு சோதனை உண்டு. ஒரு மணியில் முடிக்கும் திறமையாளரைவிட மூன்று மணி எடுப்பவரே ஏட்டில் மேலானவராகத் தெரிகிறார்.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கமே 2002-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்டீபன் பிரையர் அதற்கு முன்னுரை எழுதினார். இளம் வழக்கறிஞருக்கு ஆண்டில் 2,300 மணி என ஒரு மாதிரித் திட்டத்தை அது வகுத்தது. அதில் கட்டணப் பணிக்கு 1,900. ஏழைகளுக்கான இலவசப் பணிக்கு 100. எஞ்சியவை பயிற்சி, நிறுவனப் பணி, கட்சிக்காரர் தொடர்பு, தொழிற்சங்கப் பணி ஆகியவற்றுக்கு. ஏழைக்காகத் தொடங்கிய ஏட்டில் ஏழைக்கு இருபத்துமூன்றில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. அதுவும் கட்டளையாக அன்று, பரிந்துரையாக.

நம் நாட்டுக்கு வந்த விதம்

1991-இன் பொருளாதார மாற்றத்துக்குப் பின் வெளிநாட்டு மூலதனத்தோடு வெளிநாட்டுக் கட்சிக்காரரும் வந்தனர். அவர்களோடு நேர ஏடும் வந்தது. பெங்களூருவில் தேசியச் சட்டப் பள்ளி முன்னரே தொடங்கியிருந்தது. அதைப் பின்பற்றி எழுந்த கல்விக்கூடங்களிலிருந்து வெளிவந்த திறமையான இளையோரைப் பெருநகர நிறுவனங்கள் ஈர்த்தன. அவர்கள் பெறும் சம்பளம் தறிக்கூலியில் வளர்ந்த குடும்பத்துக்குக் கனவு போன்றது. அதன் மறுபக்கம் நள்ளிரவில் எரியும் அலுவலக விளக்கு.

இக்கதையில் நம் மாநிலத்துக்கும் தனி இடமுண்டு. வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் இங்கே தொழில் செய்வதை எதிர்த்து ஏ. கே. பாலாஜி என்னும் வழக்கறிஞர் 2010-இல் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். அயல்நாட்டு நிறுவனங்களுக்காக இங்கிருந்தபடியே சட்ட ஆவணப் பணி செய்து தரும் வெளிப்பணி நிறுவனமும் அவ்வழக்கில் சேர்க்கப்பட்டது. 2012-இல் உயர் நீதிமன்றமும் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. வெளிநாட்டார் இங்கே அலுவலகம் அமைத்துத் தொழில் நடத்தலாகாது, எப்போதாவது வந்து ஆலோசனை சொல்லிச் செல்லலாம் என்பது சாரம். வெளிப்பணி நிறுவனங்கள் அதனாலேயே வழக்கறிஞர் சட்டத்தை மீறியவை ஆகா என்றும் கூறப்பட்டது. 2023-இல் இந்திய வழக்கறிஞர் மன்றமே விதிமுறை வகுத்து வெளிநாட்டு வழக்கறிஞர்க்கு வரையறுத்த அளவில் கதவைத் திறந்தது. ஆனால் வழக்காடப்பட்டது யார் தொழில் செய்யலாம் என்பது. இங்குள்ள இளையோர் எத்தனை மணி உழைக்கலாம் என்பது எந்த நீதிமன்றத்திலும் கேள்வியாகவில்லை.

எண்ணப்படாத பகல்

இனி மறுதுருவத்தைப் பார்ப்போம். நம் மாவட்ட நீதிமன்றங்களில் ஜூனியராய்ச் சேர்பவர் தொழில் கற்க வந்தவர் என்றே கருதப்பட்டார். கட்டு சுமப்பார், மனு எழுதுவார், வாய்தா வாங்குவார், மாலையில் மூத்தவர் அலுவலகத்தில் குறிப்பு எடுப்பார். கைச்செலவுக்குக் கிடைப்பது மூத்தவரின் மனத்தைப் பொறுத்தது. தந்தையோ மாமனோ வழக்கறிஞராய் இருந்தால் இக்காலத்தைத் தாண்டிவிடலாம். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அதுவே மலையாகிறது. ஒவ்வொரு மாதமும் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர், வீட்டிலிருந்து பேருந்துக் கட்டணம் கேட்க நேருகிறது. இவ்வாறு சலித்துத் தொழிலைக் கைவிடுவோர் ஏழை வீட்டாரே. அதனால் ஏழையின் குரலை அறிந்த வழக்கறிஞர் நீதிமன்றத்தில் குறைகின்றனர்.

2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ். எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு இதன்மீது தெளிவாகப் பேசியது. வேலை வாங்கிக்கொண்டு ஊதியம் தராதிருத்தல் சுரண்டலேயாகும் எனக் கூறி, சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் பிற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக ஜூனியர்களுக்கு வழங்கும்படி சுற்றறிக்கை விடுக்கத் தமிழ்நாடு, புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்தைப் பணித்தது. அவ்வாண்டு அக்டோபரில் இந்திய வழக்கறிஞர் மன்றமும் நகர்ப்புறத்துக்கு 20,000, ஊர்ப்புறத்துக்கு 15,000 எனப் பரிந்துரைத்தது. நம் சேலம் மாவட்டத்து ஜூனியருக்கு உரியது பதினைந்தாயிரம். தமக்கே வருவாய் குன்றிய மூத்தவர்களும் இருக்கிறார்கள் என்ற நடைமுறைச் சிக்கலை நாம் மறுக்கவில்லை. எனினும் உழைப்பவரின் கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிடு எனப் பழைய ஏற்பாட்டுத் திருச்சட்டம் கட்டளையிட்டபோது, கொடுப்பவரின் வசதியை அது முதலில் விசாரிக்கவில்லை.

திராட்சைத் தோட்டத்துக் கூலி

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கட்டண மணியை இறையியல் நோக்கில் ஆய்ந்தவர் கேத்லீன் கேவனி என்னும் அமெரிக்கக் கத்தோலிக்கச் சட்ட அறிஞர். 2001-இல் வெளியான கட்டுரையில் அவர் கட்டண மணியைத் திருவழிபாட்டுப் பொதுக்காலத்தோடு ஒப்பிட்டார். கட்டண மணிக்கு எல்லா நேரமும் ஒன்றே. ஞாயிறும் திங்களும், பிள்ளையின் பிறந்தநாளும் வெற்றுநாளும் ஒரே விலை. திருச்சபையின் காலமோ விழா, நோன்பு, ஓய்வு, காத்திருப்பு எனப் பலவகைப்பட்டது. எல்லா மணியையும் ஒரே பண்டமாகப் பார்க்கப் பழகியவர், நாளடைவில் மனைவி மக்களோடு கழிக்கும் மாலையையும் இழந்த வருமானமாகவே காண்பார் என்பது அவரது எச்சரிக்கையின் சாரம்.

இவ்விரு துருவங்களுக்கும் ஒரே மருந்தை நற்செய்தியின் ஓர் உவமையில் காண்கிறோம். திராட்சைத் தோட்ட உரிமையாளர் விடியலிலும், நண்பகலிலும், மாலை ஐந்து மணிக்கும் ஆள் சேர்த்தார். மாலையில் எல்லார்க்கும் ஒரே தெனாரியம் கொடுத்தார். முதலில் வந்தவர் மணிக்கணக்குக் காட்டி முணுமுணுத்தனர். அவர்கள் கணக்கில் பிழையில்லை. ஆனால் உரிமையாளர் வேறொன்றை எண்ணினார்: ஒரு குடும்பம் ஒரு நாள் உண்ண எவ்வளவு வேண்டும்? பகல் முழுதும் தம்மை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்று நின்றவர்களின் காத்திருப்பும் அவருக்குக் கணக்கில் வந்தது. இவ்வுவமையைக் கேட்கும்போது நீதிமன்றத் தாழ்வாரத்தில் நிற்கும் ஜூனியரை நாம் நினைக்காமல் இருத்தல் இயலுமா?

நேரத்தைக் குறித்துவைத்தல் தீதன்று. ஸ்மித் குறித்தார், ஏழைக்கு எவ்வளவு நேரம் தரமுடியும் என்று அறிவதற்காகக் குறித்தார். எழுதியவரின் கையில் ஏடு இருந்தவரை அது பணியாளாயிருந்தது. இலக்கு விதிப்பவரின் கைக்கு மாறியதும் அது எசமானாயிற்று. ஆதலின் ஏட்டை எரிக்க வேண்டியதில்லை. யாருக்காக எழுதுகிறோம் என்ற கேள்வியை அதன் முதற்பக்கத்தில் மீண்டும் எழுதினால் போதும்.

இதில் நமக்கும் பங்கு உண்டு. பெருநகரத்துச் சம்பளத்தை மட்டும் கேட்டு மகிழும் பெற்றோர், பிள்ளை எத்தனை மணி உறங்குகிறது, ஞாயிறன்று எங்கே இருக்கிறது என்றும் கேட்கவேண்டும். மூத்த வழக்கறிஞராய் உள்ள நம் சகோதரர்கள் தம் ஜூனியரின் பகலுக்கு ஒரு விலை வைக்கவேண்டும். உயர் நீதிமன்றம் சொன்ன தொகைக்கு முன், தம் மனச்சான்று சொல்லும் தொகையைக் கேட்கவேண்டும். இளம் வழக்கறிஞர்கள் தம் கணக்கேட்டில் ஏழைக்கென மாதந்தோறும் சில மணிகளை ஒதுக்கலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 முதல் நடைமுறையில் உள்ளது. இலவசச் சட்ட உதவிக்கு அதன் வழியே மாவட்டத்திலும் வட்டத்திலும் அமைப்புகள் உண்டு. அவற்றின் கதவைத் தட்டும் நெசவாளிக்கும் கூலித் தொழிலாளிக்கும் நேர்மையான ஒரு மணி நேரம் தேவைப்படுகிறது.

காலம் நாம் உண்டாக்கியதன்று, பெற்றுக்கொண்டது. பெற்றுக்கொண்டதில் ஒரு பகுதியை உணவுக்காக விற்கலாம். அவ்வாறு விற்பவருக்கு நேரிய விலை கிடைக்கவேண்டும். மற்றொரு பகுதி எந்த விலைக்கும் விற்பனைக்கு அன்று. அப்பகுதியைக் காத்துக்கொள்ளும் துணிவை நம் இளையோரும், அதற்கு இடம்கொடுக்கும் பெருந்தன்மையை அவர்களை வேலை வாங்குவோரும் பெறுவார்களாக.